எல்லைக்கு அப்பால் ஒரு ஞாயிறு

ஈரவிரிப்பின்மேல் ஸ்திரிக்கைப் பெட்டி படும்போது எழும் ஆவியின் மணத்தில்தான் எனக்கு ஒன்பது வயதானது; சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலின் சலவையறையில் அம்மா வேலை செய்தார், பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போய் இருப்பேன். அம்மாவோடு வேலை செய்தவர் ரோசா அன்ரி. இத்தாலியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் டொச், அதாவது ஜெர்மன் மொழி, கதைப்பவர்; வார விடுமுறையில் மலைக்கணவாயைக் கடந்து இத்தாலிப் பக்கம் தென் டிரோலில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். எங்களிடம் இருந்ததோ அகதி வழக்கு முடியும்வரை தரப்பட்ட "அவுஸ்வைஸ்" என்ற அட்டை மட்டும். எல்லையை எங்கள் வீட்டில் "கிறென்ஸ" என்போம். "கிறென்ஸவத் தாண்டினா திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள்" என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

ஒரு ஞாயிறு அம்மாவுக்கு வேலை வந்துவிட, ரோசா அன்ரி என்னைக் காரில் கூட்டிப்போனார். எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கிராமம் வரைதான் என்று அம்மா நினைத்திருந்தார். வாராவாரம் போய்வரும் ரோசா அன்ரிக்கு எல்லை ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. காவலரும் தெரிந்த கார் என்று கையசைத்து விட்டுவிட்டார். ஊர்ப்பலகைகளில் இரண்டு மொழிகளைக் கண்டபிறகுதான் இது இத்தாலி என்று எனக்கு விளங்கியது.

வீட்டில் அப்பிள் கேக் தந்தார்கள். இங்கே ஏன் டொச் கதைக்கிறீர்கள் என்று கேட்டேன். முதல் உலகப்போர் முடிந்ததும் டிரோலை இரண்டாக்கி, வடக்கை ஆஸ்திரியாவிடம் விட்டுத் தெற்கை இத்தாலிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார் ரோசா அன்ரி.

"எங்கள் குடும்பம் இந்த வீட்டைவிட்டு அசையவில்லை. நாடுதான் மாறியது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே அப்படி என்றால், நான் இங்கே தின்றுகொண்டிருக்கும்போதே அம்மா ஒரு நாட்டிலும் நான் ஒரு நாட்டிலுமாகிவிடலாம்.

திரும்பும்போது காவலர் வேறொருவர். அட்டை கேட்டார். ரோசா அன்ரியின் முகம் வெளுத்தது; என் அட்டை அம்மாவிடம் இருந்தது. சாவடிக்குள் போய் ரோசா அன்ரி ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து, மலையூர்களுக்கு ஓடும் மஞ்சள் தபால் பஸ்ஸில் அம்மா என் அட்டையோடு வந்தார். காவலர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எல்லைத் தடுப்புக்குச் சுவிஸ் பக்கம் நின்ற அம்மா ஓரடிகூட முன்னே வரவில்லை.

"அழாதை. என்னையே பார்த்துக்கொண்டு நில்."

கண்ணிமைக்கவும் பயந்து நின்றேன். கடைசியில் காவலர் வந்து, இனி இப்படிச் செய்யவேண்டாம் என்று சொல்லி எங்களைப் போகவிட்டார். அம்மா யாரையும் ஏசவில்லை. ஊர் வந்து சேரும்வரை என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. எல்லை தாண்டியதற்காக அகதி வழக்கைத் தள்ளிவிட்டோம் என்று கடிதம் வருமோ எனப் பல மாதங்கள் கடிதப்பெட்டியைத் திறக்கவே அப்பா பயந்தார். அந்தக் கடிதம் வரவில்லை.

இன்று அந்தச் சாவடியில் பெரும்பாலும் ஆளில்லை. ரோசா அன்ரியும் இல்லை. எங்களிடம் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. போன இலையுதிர்காலத்தில் அம்மாவை அந்த வழியே கூட்டிப்போனேன்; யாரும் மறிக்கவில்லை. ஆனால் எல்லை வருவதற்கு வெகு முன்பே அம்மா தன்னுடையதையும் என்னுடையதையும் எடுத்து, படமுள்ள பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். இத்தாலிக்குள் போய் வெகுநேரமாகியும் மூடவில்லை.