பத்தி இறக்கின கோடை

கரவனுக்கு முன்கூடாரம் விற்கிறவனுக்கு மழையும் எதிரி இல்லை, காற்றும் எதிரி இல்லை. அவன் கையிலிருக்கிற அளவுநாடாதான் எதிரி. கடையில் நின்று திரைச்சீலையோ சப்பாத்தோ விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அளவு பிசகினால் வாங்கினவர் பார்க்கிற அந்தப் பார்வையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒஸ்லோவில், புருசெத்துக்கு அங்கால், பெருந்தெருவோரம் இருந்த ஒரு கம்பிங் சாமான் கடையில் மூன்று கோடை வேலை செய்தனான். முதலாளி கோரே, கதை குறைவான நோர்வேஜியர். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வீட்டுவண்டியான கரவனின் பக்கச் சுவரோடு ஒரு துணி அறையைச் சேர்த்துக் கட்டிக்கொடுப்பதுதான் எங்கள் வேலை. நோர்வே மொழியில் அதற்கு ‘ஃபோர்டெல்ட்’ என்று பெயர். தமிழில் அதற்குச் சொல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு முதல் கிழமையே போய்விட்டது. இப்போது கதிரையில் இருந்து செய்கிற வேலை. ஆனாலும் மே மாதம் முதல் கரவன் தெருவில் போகக் கண்டால், கை தானாகச் சட்டைப்பையில் நாடாவைத் தேடுகிறது.

சந்தனமும் மல்லிகையும்

பஸ் சாரதியின் உடுப்போடு ஒருவர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்து, “தம்பி தமிழோ?” என்றார். ஓம் என்றேன். “நல்லதாப் போச்சு. வண்டிக்கு ஒரு பத்தி வேணும்.”

பஸ்ஸில் கொளுத்தி வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “பத்தி இஞ்சை இல்லை அங்கிள், தமிழ்க்கடையில இருக்கும்” என்று சொன்னேன். நான் கதைப்பது எப்போதும் மெதுவாகத்தான். அவர் காதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார். “அங்கையோ? என்ன அளவில வைச்சிருக்கினம்?” “சின்னப் பெட்டியும் இருக்கு, பெரிய பெட்டியும் இருக்கு. சந்தனம், மல்லிகை…”  அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுச் சுவரோடு சாய்த்து இறக்குகிற தாழ்வாரமும் பத்திதானாம். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அப்பப்பா சொல்லும் கதையொன்றில் ஒரு கள்ளன் ‘பத்திக்குள்ள’ ஒளித்துப் படுத்திருப்பான். ஊதுபத்திக் கட்டுக்குள் ஒரு ஆள் எப்படிப் படுப்பான் என்று சின்ன வயதில் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வந்தவர் யேசுதாசன் அங்கிள், மன்னார்க்காரர். வெளியே போகும்போது கதவைப் பிடித்தபடி திரும்பிச் சொன்னார்: “மல்லிகை வாசத்திலயும் ஒண்டு எடுத்து வையும் தம்பி, மனுசி மீன் பொரிக்கிறவ.”

குனிந்து சமைத்தவர்

அவர்களின் கரவன் மோர்டென்ஸ்ருட்டில், வரிசை வீடுகளின் முன்னால் நின்றது. கூரை எழும்புகிற பழைய சாதி. ஓடும்போது கூரை பதிந்து கிடக்கும். போய்ச் சேர்ந்ததும் உள்ளே நின்று இரண்டு கையாலும் மேலே தள்ளினால் முழுக் கூரையும் எழும்பி, சுற்றிவர ஒரு துணிச்சுவர் விரியும். அலுமாரிக் கதவின் உட்பக்கம் மகள் ஷாமினியின் உயரம் பென்சில் கோடுகளாக ஏறியிருந்தது. பன்னிரண்டு வயதுக் கோட்டோடு அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் கரவனில் வரமாட்டேன் என்றுவிட்டாளாம்.

அந்த ஷாமினி இப்போது பேர்கனிலிருந்து புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வருகிறாள். கரவனில் போவோம் என்று கேட்டதும் அவள்தான். ஆனால் உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம். அங்கிளின் மனைவி ரீத்தா அன்ரி ஏற்கெனவே வண்டியை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தார். வாங்குவதற்கு ஒரு இளம் சோடி கேட்டுக்கொண்டிருந்தது. “பேரப்பிள்ளையள் படுக்கிற மாதிரிப் பத்தி வந்தால் வண்டி நிக்கும், இல்லாட்டிப் போகும்” என்றார் அன்ரி. அங்கிள் அழுக்கில்லாத யன்னலொன்றைத் துடைத்துக்கொண்டு நின்றார். அன்ரி அவரைக் காட்டி என்னிடம் சொன்னார்: “கொஞ்சம் காத்தெண்டாலும் இவர் கூரையை இறக்கிப்போடுவார், இதுக்குள்ள நான் குனிஞ்சு சமைச்ச அளவுக்குக் கோயிலில கூடக் குனிஞ்சதில்லை.”

மூக்கால் தெரிவு

கோரே இரண்டு துணி மாதிரிகளை மேசையில் விரித்தார். பருத்தி மூச்சு விடும், உள்ளே ஈரம் கட்டாது, ஆனால் பாரம். பொலியெஸ்டர் இலேசு, கெதியில் காயும், துடைத்தால் சுத்தம். அங்கிளுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. செம்மஞ்சளும் மண்ணிறமும் கோடு போட்டது வேண்டுமாம், அவர்களின் பழைய முன்கூடாரம் மாதிரி. அது ஒரு புயலில் கிழிந்து, இப்போது பரணில் மடிந்து கிடக்கிறது. அந்தக் கோட்டுத் துணியை யாரும் இப்போது செய்வதில்லை என்று கோரே தலையாட்டினார்.

அன்ரி நிறத்தைப் பார்க்கவேயில்லை. துணியை ஒவ்வொன்றாகத் தூக்கி மூக்கில் வைத்து மணந்தார். “தம்பி, இவரிட்டைக் கேளும். மீன் பொரிச்சால் எது மணத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், எது விடும்?” மொழிபெயர்த்தேன். கோரே யோசித்தார். பிறகு தானும் இரண்டையும் மணந்து பார்த்துவிட்டு, சாம்பல் நிறப் பொலியெஸ்டரை அன்ரியின் பக்கம் தள்ளினார். அவர்கள் போனபின் என்னிடம் சொன்னார்: “இந்தக் கடைக்கு எல்லாரும் கண்ணைத்தான் கொண்டுவருவார்கள், மூக்கைக் கொண்டுவந்த முதல் ஆள் இவர்தான்.”

ஆட்டுக் கதை

இனி என் பிழை. நிலத்தில் தொடங்கி, சுவரால் ஏறி, துணியைக் கோர்க்கிற அலுமினியக் காடி வழியே போய், மற்றப் பக்கத்தால் நிலத்துக்கு இறங்கும் நீளம்தான் அளவு. இந்த வண்டியில் அந்தக் காடி எழும்புகிற கூரையின் ஓரத்திலேயே இருந்தது. நான் போன நேரம் கூரை பதிந்து கிடந்தது. “உயர்த்தட்டோ அங்கிள்?” என்று கேட்டேன். கேட்டது எனக்கு மட்டும் கேட்டது போலிருக்கிறது. அவர் அதற்குள் கதை தொடங்கிவிட்டார். ஷாமினிக்கு ஐந்து வயதில், பழைய முன்கூடாரத்தில் படுத்திருந்தவள் விடிய எழும்பிப் பார்க்கிறாள், பக்கத்தில் ஒரு செம்மறியாடு. துணியின் மூலையை அது சப்பித் தின்றுகொண்டிருக்கிறது. ஆட்டை ஒஸ்லோவுக்குக் கூட்டிப் போகாவிட்டால் தான் வரமாட்டேன் என்று ஒரே அழுகை. சின்ன வயதிலிருந்தே கதை கேட்டால் கையை மறக்கிறவன் நான். கதை முடிந்தபோது அளவு எழுதியாகிவிட்டது.

அளவுக்குத் தைத்து வந்த கூடாரத்தைக் காடியில் கோர்த்தோம். அழகாக நின்றது. அங்கிள் உள்ளே போய்க் கூரையைத் தள்ளினார். கூரையோடு கூடாரமும் எழும்பி, சுற்றிவர நிலத்துக்கு மேலே இரண்டு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. கீழால், உள்ளே நின்ற அன்ரியின் சப்பாத்துத் தெரிந்தது. புதிதாகத் தைத்து வர ஆறு கிழமை ஆகும்; ஷாமினி வர ஒன்பது நாள்தான் இருந்தது.  அன்ரி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். “போன வருசத்துப் பாவாடையை இந்த வருசம் போட்ட பிள்ளை மாதிரி நிக்குது.”

கரை

சொன்ன சொல்லே அவருக்கு வழியைக் காட்டியிருக்க வேண்டும். கட்டையான பாவாடைக்குக் கரை வைத்துத் தைக்கலாம்தானே. தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் பழகின கை. அங்கிளைப் பரணுக்கு ஏற்றிப் பழைய கூடாரத்தை இறக்குவித்தார். கோரே தடித்த ஊசிகளும் நல்ல நூலும் தந்துவிட்டார். என்னை ஏசவில்லை, அதுதான் இன்னும் கூடச் சுட்டது.

இரண்டு பின்னேரம் மெசினுக்குப் பின்னால் நின்று பாரத்தைத் தூக்கிப் பிடித்தேன். செம்மஞ்சளும் மண்ணிறமுமாகத் துணி என் கையால் ஓடிக்கொண்டிருந்தது. மடிப்புகளிலிருந்து பழைய கோடைகளின் மணல் நிலத்தில் கொட்டியது. கூட்டலாமா என்று கேட்டேன், விடும் என்றார். ஓரிடத்தில் மெசின் நின்றது. ஒரு மூலை பிய்ந்து பல் பல்லாக இருந்தது: ஆடு சப்பின இடம். அன்ரி கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். அந்த மூலையை வெட்டாமல் வாசல் பக்கம் வரும்படி திருப்பித் தைத்தார். சாம்பல் துணிக்குக் கீழே கோட்டுக் கரை வளர்வதைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நின்ற அங்கிள், மெல்ல என் காதுக்குள் சொன்னார்: “கடைசியில நான் கேட்ட நிறமும் வந்திட்டுது பாரும்.”

விலை கேட்டவர்கள்

சனிக்கிழமை கோரேயும் வந்தார். இந்த முறை கூரையை முதலில் உயர்த்தினோம், பிறகுதான் கோர்த்தோம். கரை புல்லில் பட்டு நின்றது. கீழால் காற்றுக்கூட உள்ளே வராது. அன்ரி நடுவில் நிமிர்ந்து நின்று, கைகளை மேலே நீட்டிப் பார்த்தார். நால்வர் படுக்கலாம் என்று அங்கிள் நிலத்தில் படுத்துக் காட்டினார்.

அடுத்த நாள் விலைப்பட்டியலைக் கொடுக்கப் போயிருந்தேன். வண்டியை வாங்கக் கேட்ட அந்த இளம் சோடியிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கிள் போனைப் பார்த்துவிட்டு, வெறுங்கையில் சூட்டுச் சட்டி பிடித்தவர் போல அதை அன்ரியிடம் கொடுத்தார். அன்ரி நோர்வே மொழியில் மிக மரியாதையாகத்தான் கதைத்தார். பத்தி என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் தமிழிலேயே விட்டார். “மன்னிக்கோணும், வண்டி விக்கிறதுக்கில்லை, நேற்றுத்தான் பத்தி இறக்கினனாங்கள், இனி ஆராவது விப்பினமோ?”

மூன்று கோடை நின்று நான் உருப்படியாகப் படித்தது இவ்வளவுதான்: யாருடைய வண்டியாக இருந்தாலும் அளக்க முதல் கூரையை உயர்த்த வேண்டும், அதைச் சத்தமாகக் கேட்க வேண்டும், ஆட்டுக் கதையைப் பிறகு கேட்கலாம்.