பவானி அக்கா வாங்கிய சத்தியம்

எங்கள் தொழிலில் மருந்து, ஊசி ஒன்றும் கிடையாது. புத்திமதி சொல்லத் துடிக்கிற நாக்கை அடக்கப் பழக்குவதுதான் முழு வேலையும். வாசகர்களே, புத்திமதி கேட்டே நொந்துபோனவர்கள் நீங்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! கண்டியைச் சுற்றியுள்ள கடைக்காரர், தையல்காரர், ஓட்டோக்காரர் என்று பலரைக் கூப்பிட்டு, போதைப் பழக்கத்தில் மாட்டியவர்களுக்குத் துணையாக நிற்கப் பயிற்சி கொடுக்கிறேன்.

ஐந்து நிமிட மௌனம்

முதல் நாள் பயிற்சி இதுதான்: எதிர்க் கதிரையில் இருப்பவர் தன் கஷ்டத்தைச் சொல்வார், ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் அரை நிமிடத்தில் "தம்பி, நான் சொல்றதக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். கம்பளையில் தையல் கடை வைத்திருக்கும் பவானி அக்கா இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். கட்டுகஸ்தோட்டையில் சலூன் நடத்தும் ரமீஸ் நானா மட்டும் ஐந்து நிமிடமும் அசையவில்லை. எப்படி நானா என்று கேட்டேன். "கத்திய கழுத்துல வச்சிட்டு புத்திமதி சொன்னா, அந்த மனுசன் திரும்ப வருவானா சேர்?"

சாமி சாட்சி

பவானி அக்காவுக்குக் கிடைத்த முதல் ஆள், பிலிமத்தலாவையில் வாகனங்களுக்கு பெயின்ட் அடிக்கும் சுரேஷ். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். குடு என்கிற ஹெரோயினை விட்டு இரண்டு மாதம். வாரா வாரம் அக்காவோடு ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்வந்தான். சந்தோஷம் தாங்காமல் அக்கா அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனித் தொடவே மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்துவிட்டார். பயிற்சிக்கு நான் எழுதிய கைநூல் முழுக்கத் தேடினேன். சத்தியம் வாங்காதீர்கள் என்று ஒரு வரி நான் எழுதவே இல்லை!

சத்தியம் செய்த மூன்றாம் வாரம் அவனுக்குக் கால் சறுக்கியது, மறுபடி தொட்டுவிட்டான். அது நடக்கிறதுதான், உடனே கிளினிக்குக்கு வந்தால் சமாளித்துவிடலாம். அவன் வரவில்லை. இரண்டு கிழமையாக ஆளையே காணோம். அப்படியே விட்டால் பழையபடி முழுசாக மூழ்கிவிடுவான் என்று விடாமல் போன் அடித்தேன். ஒருவழியாக போனில் பிடித்தபோது அவன் சொன்னது ஒன்றுதான். "சாமிக்கே பொய் சொல்லிட்டேன் சேர், இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?"

அக்கா பஸ் ஏறினார்

விஷயத்தைச் சொன்னதும் அக்கா அழுவார் என்று நினைத்தேன். தையல் மெஷினை மூடிவிட்டு எழுந்தார். என்ன பேசுவது என்று எழுதித் தருகிறேன், இருங்கள் என்றேன். "எழுதி வைங்க சேர், போய்ட்டு வந்து பாக்கிறேன்" என்று அவன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை கிளினிக் வரிசையில் இரண்டு பேரும் நின்றார்கள்.

அது நடந்து இப்போது ஏழு மாதமாகிறது. நடுவில் இன்னொரு தடவை சறுக்கினான். மறுநாளே அவனாக வந்து சொன்னான். போன மாதம், புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களோடு பேச அவனைக் கூப்பிட்டோம். அன்று வீட்டு வாசலில் அக்கா என்ன புத்திமதி சொன்னார் என்று ஒருவர் கேட்டார். பின்வரிசையில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சுரேஷ்தான் பதில் சொன்னான். "புத்திமதி ஒண்ணும் சொல்லலீங்க. 'சத்தியம் கேட்டது என் தப்பு தம்பி, சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வா'ன்னு மன்னிப்புக் கேட்டாங்க. அதுக்கு முன்ன என்கிட்ட யாரும் மன்னிப்புக் கேட்டதில்ல."

பவானி அக்காவின் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் நான் என்று ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிகிறேன். நியாயமாகப் பார்த்தால் அவர்தான் எனக்கு ஒன்று தந்திருக்க வேண்டும்.