பதினாறு வாரத்தில் பன்னிரண்டு

கலீலுல்லாவின் மகள் உமைரா என்ன படிக்கிறாள் என்று தாராவியில் எங்கள் சந்தில் யாருக்கும் விளங்கவில்லை. டாக்டருக்கா என்றால் இல்லை. டீச்சருக்கா என்றால் அதுவும் இல்லை. மாட்டுங்காவில் காலேஜ் முடித்தாள். அதற்கு மேல் இரண்டு வருஷம் மனசைப் பற்றிப் படித்தாள். அதுவும் போதாதென்று, பேசியே மனநோயைக் குறைக்கிற பயிற்சி என்று செம்பூரில் ஒரு இடத்தில் சேர்ந்தாள். மாத்திரை எழுதுவது டாக்டர் வேலையாம். நோயாளியின் நினைப்பையும் பழக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது இவள் வேலையாம். அதுவும் லேசுப்பட்ட நோய் இல்லை, வருஷக்கணக்கில் சிக்கு விழுந்துபோன நோய்.

சான்பாடாவிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், டீயைக் குடித்து முடித்த பிறகு கேட்டார்கள்: "பைத்தியங்ககூட பழகுற புள்ளையாமே?"

"ஆமா. அதான் உங்ககூட இவ்ளோ நேரம் பொறுமையா உக்காந்திருக்கேன்" என்றாள் உமைரா.

அந்த இடம் அதோடு போயிற்று. கலீலுல்லா தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

கலீலுல்லாவுக்குக் கீழே பை தைக்கிற பட்டறை, மேலே குடித்தனம். தோல் நாற்றமும் பசை நாற்றமும் தையல் மிஷின் சத்தமும் மேலே ஏறிவரும். அதற்கு நடுவில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உமைரா எழுதிக்கொண்டே இருப்பாள். பாட்டு கேட்கிறாள் என்றுதான் நினைத்தோம். நோயாளியோடு பேசுவதை எல்லாம், அவர்களிடம் சம்மதம் வாங்கி, பதிவு செய்வார்களாம். அதைப் பயிற்சி கொடுக்கிற மேடம் கேட்டு, நீ இங்கே அவசரப்பட்டாய், இங்கே கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று மார்க் போடுவாளாம்.

நான் மதீனா பீவி. புருஷன் மௌத்தாகிப் பதினெட்டு வருஷம். பிள்ளை கிடையாது. அண்ணன் மகன் நசீர்தான் என்னை வைத்திருக்கிறான் என்று ஊரில் பேச்சு. கோலி, நாங்கள் இருக்கிற ஒற்றை அறை, என் பேரில் இருக்கிறது, அதனால் நான்தான் அவனை வைத்திருக்கிறேன். அவன் வடாலாவில் டெம்போ ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி ஃபர்ஸானா மேலப்பாளையத்துக்காரி. வந்து நாலு வருஷமாகியும் இந்தியில் "பானி" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. மூத்தது தமன்னா, மூன்று வயசு. அதற்கு அடுத்து ஒரு ஆண் பிள்ளை பிறந்து இருபத்திரண்டாம் நாள் போய்விட்டது. நுரையீரலில் கிருமி என்றார்கள்.

மையித்து எடுத்த மறுநாள் நான் ஒரு சொல் சொன்னேன். "குளிக்காத ஒடம்போட பால் குடுத்தியே, அந்தத் தொடக்குதாண்டி புள்ளைய கொண்டுபோச்சு." வயிறு எரிந்து சொன்னது. அப்படித் தீட்டு ஒன்றும் மார்க்கத்தில் கிடையாது என்று பிறகு ஓதிக்கொடுக்கிற ஆலிமா என்னைக் கடிந்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவள் அன்றே கழுவ ஆரம்பித்தாள்.

கோலியின் மூலையில் மோரி இருக்கிறது. குளியல், பாத்திரம், துணி எல்லாம் அதில்தான். ஒரு வருஷம் அவள் அதில்தான் குடியிருந்தாள். எழுபது, எண்பது மக்கு தண்ணீர் ஊற்றுவாள். கை வெந்ததுபோல் வெளுத்துவிட்டது. மோரியிலிருந்தே கேட்பாள், "மாமி, சுத்தமாயிட்டா?" சுத்தம்தாண்டி என்பேன். அரை நிமிஷத்தில் மறுபடியும், "நல்லா பாத்து சொல்லுங்க மாமி." தமன்னாவைத் தொடவே மாட்டாள். அது உம்மா என்று ஓடிவந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிவிடுவாள். சோறு ஊட்டுவதும் கழுவி விடுவதும் நான். அவள் அந்தப் பிள்ளையை மறுபடி தூக்க வேண்டும், அவ்வளவுதான் நசீர் கேட்டது.

அவன் கூட்டிப்போன இடமும் உமைரா பயிற்சி எடுக்கிற இடமும் ஒன்றாகப் போனது. தெரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். உமைரா மேடத்திடம் உள்ளதைச் சொன்னாள். ஆனால் அங்கே தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சரி, பார், ஆனால் இந்த அறைக்கு வெளியே அவளிடமும் அவள் வீட்டாரிடமும் இதைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது என்று மேடம் விட்டாள். வாரம் ஒரு நாள், பதினாறு வாரம். அதை முடித்தால்தான் உமைராவுக்கும் அந்த வருஷம் தேறும்.

மூன்றாவது வாரம் என்னையும் உள்ளே கூப்பிட்டாள். மேஜை மேல் பதிவு செய்கிற சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மாமி, அவ சுத்தமான்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவிய?"

"சுத்தம்தான், எந்திச்சு வாடி மூதின்னு சொல்லுவேன்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"எண்ணவா முடியும்? அம்பது இருக்கும்."

"இனிமே சொல்லாதீங்க."

"அப்ப ஊமையாட்டம் இருக்கணுமா? அவ கத்துவாளே."

"கத்தட்டும். நீங்க சொன்ன ஒடனே பயம் எறங்குது. அரை நிமிசம்தான், மறுபடி ஏறுது. நீங்களும் சொல்லாம, அவளும் கழுவாம இருந்தா அதுவா எறங்கும். அத அவ ஒரு தடவ கண்ணால பாக்கணும்." பிறகு ஃபர்ஸானா பக்கம் திரும்பி, "இப்ப பயம் நூத்துக்கு எவ்ளோ?" என்றாள்.

"தொண்ணூத்தஞ்சு லாத்தா" என்றாள் ஃபர்ஸானா, அவளை அக்கா முறை வைத்து. சினிமா டிக்கெட் நம்பர் சொல்வதுபோல் இருந்தது எனக்கு.

நான் சொல்லைப் போட்டதையும் ஃபர்ஸானா அந்த அறையில் சொல்லியிருப்பாள். உமைரா அதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. சந்தில் பார்த்தாலும் பேசுவதில்லை. குழாயடியில் என் குடத்துக்கு அடுத்து அவள் குடம் இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சட்டம் என்று தெரியும். இருந்தாலும் எனக்கு ஆத்திரம். பிறந்த அன்றைக்கு அவளைத் துணியில் வாங்கினவள் நான்.

பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். ஃபர்ஸானா மோரிக் கதவில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். இரண்டு வாரம் பொறுத்தேன். ஐந்தாவது வாரம் தாணேக்குப் போய் ஜெயினுலாப்தீன் ஹஜ்ரத்திடம் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தேன். "குடிக்க மட்டும் குடுங்க, கீழ சிந்த விட்றாதீய" என்று ஹஜ்ரத் சொன்னார். குடி என்று கொடுத்தால் என்ன தண்ணீர் என்று கேட்பாள், உமைராவிடம் போய்ச் சொல்லுவாள், அவள் தடுப்பாள். அதனால் தினமும் விடியக்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஒரு கிளாஸ் எடுத்து, மோரி டிரம்மில் கலந்துவிட்டேன். கேன் குறையக் குறைய மேலே குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டேன்.

எண்பது மக்கு நாற்பதானது. பிறகு பதினைந்து. பத்தாவது வாரம் ஆறு மக்கில் எழுந்து வந்தாள். பயம் நூற்றுக்கு நாற்பது என்றாள். பன்னிரண்டாவது வாரம் தமன்னாவையும் கூட்டிப்போனோம். உமைரா அவசரப்படவில்லை. செருப்பு வாரை மட்டும் மாட்டிவிடு என்றாள். ஃபர்ஸானா, கழுவாத கையால், அந்த வாரை மாட்டினாள். விரல் பிள்ளையின் காலில் பட்டது. அவள் கையை எடுக்கவில்லை. வீட்டுப் பாடமாகத் தினமும் தலை பின்ன வேண்டும், அடுத்த வாரம் தூக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். நசீர் டெம்போவுக்குள் உட்கார்ந்து அழுதான்.

நாலு நாள் தலை பின்னினாள். ஐந்தாம் நாள் காலையில் வாசல்படியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். கலீலுல்லா பட்டறையைத் திறக்க வந்தவன் நின்று பார்த்தான்.

"பாத்தீயளா மாமி? எல்லாரும் கேலி பண்ணீய. எம் மவ படிச்ச படிப்பு வீணாப் போவல."

கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது.

"உம் மவ கிழிச்சா! நூத்துக்கு எவ்ளோ, நூத்துக்கு எவ்ளோன்னு கணக்குப் பாடம் நடத்துனா. தாணே ஹஜ்ரத் ஓதின தண்ணிய நா ட்ரம்முல ஊத்தலேன்னா இவ இன்னும் மோரியிலதான் கெடப்பா."

பின்னல் பாதியில் நின்றது.

"எந்த ட்ரம்மு மாமி?"

"மோரி ட்ரம்முதான். எட்டு வாரமா ஊத்துதேன். ஒனக்குத் தெரியாது."

ஃபர்ஸானா பிள்ளையின் முடியை விட்டுவிட்டு எழுந்தாள். "குர்ஆன் ஓதின தண்ணிலயா மாமி நா கால் கழுவினேன்? தூரத்துக்குக் கழுவினேன்? அதெல்லாம் சாக்கடைக் கட்டர்லயா போச்சு?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அல்லாஹ் மேல் ஆணையாகத் தோன்றவில்லை.

ஃபர்ஸானா வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் வாளியும் மக்கும் எடுத்து வந்தாள். சந்துச் சாக்கடையின் ஓரத்தில் குத்தவைத்து, மக்கால் அந்தக் கறுப்புத் தண்ணீரை மோந்து மோந்து வாளியில் ஊற்றினாள். போனதைத் திருப்பி எடுக்கிறாளாம். கலீலுல்லாவும் நானும் இழுத்தோம், அசையவில்லை. சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. தமன்னா பாதிப் பின்னலோடு நின்று கத்தியது. அதைப் பார்த்து, "என்ட்ட வரவிடாதீங்க, வரவிடாதீங்க" என்று இவள் கத்தினாள்.

மறுநாள் நான் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கையில் ஊற்றிக்கொண்டாள். சாகவா என்று கேட்டதற்கு, இல்லை, சுத்தமாகத்தான் என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

உமைரா வந்தாள். சட்டத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தண்ணின்னு ஒனக்குத் தெரியாதுல்ல? தெரியாமயேதான கொறச்ச? அப்ப அது நீ செஞ்சது ஃபர்ஸானா."

"தெரியாததாலதான் லாத்தா அவ்ளோ நாளும் பாவம் செஞ்சிருக்கேன். இனி என்ன தெரியாம நடக்குதோ?"

உமைரா வராந்தாவுக்கு வந்து என்னிடம், எந்த வாரம் ஆரம்பித்தீர்கள், எவ்வளவு ஊற்றினீர்கள், ஹஜ்ரத் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"எதுக்குடி எழுதுத? பன்னெண்டு வாரத்துல சொகமாயிட்டா, வரத நிறுத்திட்டான்னு குடுத்துட்டுப் பாஸாகிப் போ. டேப்பு இருக்குல்ல?"

"இருக்கு மாமி. பன்னெண்டாவது டேப்பக் கேட்டு மேடமே அழுதாங்க. ஆனா அடுத்து இவள பாக்குறவங்களுக்கு நடந்தது தெரியணும்ல." பேனாவை மூடினாள். "வேற வைத்தியம் ஏதும் வீட்ல நடக்குதான்னு வீட்டாளுங்ககிட்ட அப்பப்ப கேக்கணும். எல்லார்ட்டயும் கேப்பேன். உங்க வீடுதான, எனக்குத் தெரியாததான்னு உங்ககிட்ட கேக்கல. தப்பு என்னோடது."

"என்னோடதுடி" என்றேன்.

"உங்களோடதும்தான்" என்றாள்.

உள்ளதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். ஃபர்ஸானாவை ஒரு பெரிய டாக்டரிடம் மாற்றினார்கள். பதினாறு வாரம் முடியாததால் அந்தக் கேஸ் கணக்கில் சேரவில்லை, உமைராவுக்கு அந்த வருஷம் போனது. மறுபடி முதலிலிருந்து வேறு ஆளோடு ஆரம்பித்திருக்கிறாள்.

கை ஆறியதும் மேலப்பாளையத்திலிருந்து அவள் அண்ணன்காரன் வந்து ஃபர்ஸானாவை அழைத்துப்போனான். திருநெல்வேலியில் ஒரு டாக்டரின் பேரைக் கண்டுபிடித்து, நாலு பக்கம் எழுதி உமைரா கொடுத்தனுப்பினாள். பிள்ளையை அவர்கள் கேட்கவில்லை. அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நசீர் வீடியோவில் கூப்பிடுவான். அவள் நல்லாயிருக்கியா என்று கேட்பாள், சாப்பிட்டியா என்று கேட்பாள். போன வாரம் தமன்னா என் மடியிலிருந்து நழுவிப் போய், உம்மா என்று போனின் மேல் கையை வைத்தது. அந்தப் பக்கம் ஃபர்ஸானா போனைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக் கூரை மட்டும் வெகுநேரம் தெரிந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நசீர் காத்திருந்து பார்த்துவிட்டு அணைத்தான்.