யோகேந்திரன் அடிக்காத லைட்

பலாபத்வல சந்தியில் த்ரீவீல் ஓட்டும் ஒரே பெண் ஜஸ்லா ராத்தா. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. நான் பள்ளிக்கூடம் நமக்குச் சரிவராது என்று பாதியில் விட்டவன். ராத்தாவோ தினமும் பள்ளிக்கூடம் போகிறவர். மூன்று டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு மாத்தளை டவுன் தாண்டி எல்கடுவ மலைக்கு ஏறி, வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவார். வீட்டில் அடுப்பு எரிவது அந்த மாத ஹயர் காசில்தான்.

கணவர் பவாஸ் மச்சான் கமுகு மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு வண்டி ராத்தாவின் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் ஸ்டாண்டில் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. திட்டினார்களா என்றால் இல்லை. லைட் அடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிறவன் லைட்டை இரண்டு தரம் சிமிட்டினால் முன்னால் ட்ராஃபிக் பொலிஸ் நிற்கிறது. கையை வெளியே நீட்டித் தூக்கினால் பாதை சுத்தம், போகலாம். முன்பின் தெரியாத லொறிக்காரனுக்கும் இந்த மரியாதை உண்டு. ராத்தா எதிரே வந்தால் மட்டும் எல்லோருடைய லைட்டும் பழுது.

முதன்முதலில் அவருக்கு லைட் அடித்தவர் அதே ஸ்டாண்டில் ஓடும் யோகேந்திரன் அண்ணன். அன்று ராத்தா வீட்டுக்கு வந்து பெருநாள் வந்தது போலச் சிரித்தார். அதற்குப் பிறகு வட்டிலப்பம் அவித்தால் முதல் கோப்பை யோகேந்திரன் வீட்டுக்குத்தான். எனக்கு அடி ஒட்டியதைச் சுரண்டித் தருவார்.

இன்ஷுவரன்ஸை முடிகிற நாளில்தான் கட்டுவது ராத்தாவின் பழக்கம். முந்திக் கட்டினால் நட்டம் என்று ஒரு கணக்கு. இந்த வருடம் அந்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறையில் விழுந்தது. போயா என்றால் டீச்சர்மாருக்கு லீவு, நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்த மனிசிக்கு, இன்ஷுவரன்ஸ் கந்தோரும் பூட்டு என்பது தூங்கி எழும்பிய பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் ஸ்டாண்டுக்கு வந்து யோகேந்திரனைத் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, இன்ஷுவரன்ஸ் நேத்தோட முடிஞ்சிருச்சு. டீச்சர்மார ஏத்த ஏலாது. இன்னைக்கு ஒருநாள் நீங்க கொண்டுபோய் விடுங்களேன்.”

“ஒரு நாளைக்கு என்ன ஆகிடப் போகுது? நீயே போ தங்கச்சி.”

“வேணாம் அண்ணே. நம்பி ஏறுறவங்க.”

“சரி, நீ எப்ப டவுனுக்கு?”

“கந்தோர் தொறந்ததும். வண்டியையும் கொண்டு வரச் சொல்றாங்க, படம் எடுக்கணுமாம். நீங்க திரும்பி வர்ற நேரம்தான் நான் எறங்குவேன். பொலிஸ் நின்னா...”

“அடிக்கிறேன். இதெல்லாம் சொல்லணுமா?”

டவுனில் போன் திருத்த வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். ராத்தா முட்டைக் கூடை கொண்டுபோவது போல ஓட்டினார். மாத்தளைக்குக் கொஞ்சம் முன்னால் யோகேந்திரனின் பச்சை வண்டி எதிரே வந்தது. லைட் சிமிட்டவில்லை. சிரித்தபடி கையை நீட்டித் தூக்கினார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று ராத்தா வேகத்தைக் கூட்டினார்.

அடுத்த வளைவில் இரண்டு பொலிஸ்காரர்கள். ஏற்கெனவே மறித்த லொறிகள் ஓரத்தில் வரிசையாக நின்றன.

“இப்பதான் எறங்கி நின்னிருப்பாங்க” என்றார் ராத்தா. யோகேந்திரனுக்காகத்தான் சொன்னார்.

சார்ஜன் சிங்களத்தில் இன்ஷுவரன்ஸ் கேட்டார். கட்டத்தான் போகிறேன் என்றார் ராத்தா.

“எல்லாரும் கட்டத்தான் போறாங்க, நோனா. இப்பகூட ஒரு பச்சை த்ரீவீல்காரன மறிச்சோம். எல்லாம் சரியா வச்சிருந்தான். அவனப் பாத்துப் படிங்க.”

ராத்தா பச்சை வண்டி போன பக்கம் திரும்பிப் பார்த்தார். வண்டியைப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். கோர்ட், தண்டம் எல்லாம் முடிந்து, புதிய இன்ஷுவரன்ஸோடு வண்டி வீட்டுக்கு வந்த அன்று, மூன்று டீச்சர்மாரில் ஒருவரான துஷாரா டீச்சர் ராத்தாவுக்குப் போன் எடுத்தார்.

“ஜஸ்லா, இன்ஷுவரன்ஸ் இல்லாமலா இவ்வளவு காலமும் எங்கள ஏத்தினீங்க? யோகேந்திரன் சொல்லித்தானே தெரியுது. இனி நாங்க அவரோடயே போறோம்.”

“இல்ல டீச்சர், ஒருநாள்கூட...” என்பதற்குள் டீச்சர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ராத்தா ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். “அண்ணே, அன்னைக்கு எதுக்குக் கை காட்டினீங்க?”

யோகேந்திரன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நான் எங்க கை காட்டினேன்? ஈ வெரட்டினேன் தங்கச்சி” என்றார்.

ஸ்டாண்டே சிரித்தது. ராத்தாவும் சிரிக்கப் பார்த்தார். வாய் பாதியில் நின்றுவிட்டது.

பின்னேரம் நான் ஒரு உருளைக்கிழங்கோடு ராத்தாவின் குசினிக்குப் போனேன்.

“ராத்தா, இது ஒன்னு போதும். அந்தாள்ட சைலன்சர்ல அமுக்கிவிட்டா எல்கடுவ ஏத்தத்துல வண்டி இருமி இருமியே செத்துரும்.”

“டீச்சர்மார் உள்ளுக்கு இருக்கிற நேரமா?”

“அப்பதானே மானம் போகும்.”

“துஷாரா டீச்சர் முழுகாம இருக்கா, தெரியுமாடா? அந்த ஏத்தத்துல எறங்கி நடக்கச் சொல்றியா? கெழங்க இங்க தா.”

வாங்கிக் கத்தியை எடுத்துச் சீவத் தொடங்கினார். தோலோடு தோலாகப் பாதிக் கிழங்கும் போனது. சீவி முடித்த பிறகும் கத்தி நிற்கவில்லை. நான் முற்றத்தில் ஹயர் இல்லாமல் கிடந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.