துருவலைக்கும் ஒரு நவமி

சொல்லையும் தொழிலையும் தந்தருளும் தாயே, உன் திருவடி முன்னிற்க.

புரட்டாசி வளர்பிறை நவமி, ஆயுத பூசை நாள். ஒட்டுசுட்டானுக்கு அருகே எங்கள் வீட்டில் அன்று தொழிற்கருவிகளுக்குச் சந்தனம் சாத்துவோம். மறுநாள் தசமிப் பூசை முடியும்வரை அவற்றைத் தொடலாகாது. மகனுடைய உழவு இயந்திரம் மாலையுடன் முற்றத்தில் நிற்கும். மருமகளின் தையல் இயந்திரம் சுவாமி அறையில் ஓய்ந்திருக்கும்.

மருமகள் பள்ளிச் சீருடை தைப்பவள். அத்தொழிலில் அவளுக்கு விருப்பம் உண்டு. வருவாயையும் தன் எண்ணப்படியே செலவிடுகிறாள். இவ்விரண்டும் வாய்த்த பெண்ணுக்குக் குறையேது என்றிருந்தேன். சென்ற ஆண்டு நவமிக்கு முதல்நாள் அவள் சொன்னாள்: "மாமி, எனக்கு ஒரு நாள் சும்மா இருக்கவேணும். நெடுங்கேணியில சிநேகிதியிட்டைப் போய்க் கதைச்சுப்போட்டு வரவேணும். வேறை ஒண்டுமில்லை."

சும்மா இருக்கும் வரத்தை நாளும் இறைவனிடம் பாடிக் கேட்கிறவள் நான்.

மறுநாள் விடியலில் நைவேத்தியத்தைச் சமைத்து முடித்தவள், தேங்காய் துருவும் துருவலை, கத்தி, அகப்பைகள் யாவற்றையும் கழுவித் தையல் இயந்திரத்தின் அருகே வைத்தாள். நானும் அவற்றுக்குச் சந்தனம் சாத்தித் தீபம் காட்டினேன்.

பூசை முடிந்ததும் மகன் குசினிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இஞ்சரும், மத்தியானத்துக்கு என்ன?"

"கடையில பாண் இருக்கு."

"சம்பல்?"

"துருவலை சரஸ்வதியம்மாவிட்டை நிக்குது. அவாவைக் கேளுங்கோ."

"விளையாட்டை விட்டிட்டு அதை எடும்."

"உங்கடை மிசினைக் கொண்டுபோய் வயலை உழுதுபோட்டு வாங்கோ, எடுக்கிறன்."

அவன் சிரித்தான், ஆனாலும் விடவில்லை. "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. சமையல் சாமானையும் ஆரும் வைக்கிறவையோ?"

அவள் கைப்பையுடன் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பேருந்து வரும் நேரம். எடுக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால், பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாள்.

கருவிக்கு ஓய்வு உரியதென்றால், அதைப் பிடிக்கும் கைக்கும் உரியதே. வீட்டுப் பெண்ணின் கருவிகளை எங்களில் எவரும் கருவிகளாக எண்ணியதில்லை. தொழிலும் பணமும் அவளுக்குத் தராத ஒன்று அந்தப் பகலில் இருந்தது: எவரிடமும் கணக்குச் சொல்லாமல் கழியும் பொழுது.

"தீபம் காட்டின பிறகு எடுக்கேலாது, தம்பி. பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வா" என்றேன்.

"போட்டு வாறன், மாமி" என்று அவள் படி இறங்கினாள். விளக்கேற்றும் வேளையில்தான் திரும்பினாள். தசமிப் பூசைக்குப் பின் சாமான்களை எடுக்கும்போது, "வாற வருஷம் தேத்தண்ணிக் கேத்திலையும் வைப்பம்" என்றாள். மகனுக்கு அது கேட்டது.

இதை வாசிக்கும் யாவர்க்கும் மனத்துக்கு உகந்த தொழிலும், தம் கையில் நிற்கும் பொருளும், தமக்கே உரிய ஒரு பகலும் அந்தத் தாயின் அருளால் கூடுவதாக.