கனகராயன்குளத்துக் குரங்குகளும் ஒரு கிரகணப் பழியும்

மேற்படிப்புக்காகக் குரங்கு எச்சம் சேர்க்கிறேன். கலியாண வீடுகளில் சொல்லிக்கொள்ள முடியாத வேலை. எச்சத்தை வைத்து எது தாய், எது தகப்பன், எது குட்டி என்று கண்டுபிடித்தால், பெற்றோரிடம் இல்லாத எத்தனை மரபணுப் பிழைகள் குட்டியில் புதிதாக வந்திருக்கின்றன என்று பிறகு எண்ணலாம். அதற்காகத்தான் தை மாதக் கடைசியில் கனகராயன்குளம் போனேன்.

வவுனியாவில் காலை 6.20 பஸ். ஏ9 வீதியில் 33 கிலோமீற்றர், 160 ரூபாய். வழியெல்லாம் தூறல். சந்தியிலிருந்து உள்ளே ஐந்து கிலோமீற்றருக்கு ஓட்டோ 800 ரூபாய். "குரங்கையும் பிடிச்சுக்கொண்டு போறதெண்டால் எனக்குக் காசே வேண்டாம் தங்கச்சி" என்றார் சாரதி. பகிடி இல்லை, மெய்யாகத்தான் சொன்னார்.

போன இடம் சிவராசா அண்ணையின் கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டம். போரில் முதல் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்து, ஐம்பத்திரண்டு வயதில் மலர் அக்காவைக் கட்டியவர். ஐந்து வயது மகள் முற்றத்தில் விளையாடினாள். கை கால்கள் குட்டை, நெற்றி பெரிது. நான் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பதினொரு மணிக்குள் பதினாறு குப்பி நிறைந்தது. தேத்தண்ணி குடிக்கும்போது, இதைக் கொண்டுபோய் என்ன செய்வீர்கள் என்று அண்ணை கேட்டார். எனக்கு விளக்கம் சொல்லும் வருத்தம் உண்டு, தீராத நோய் மாதிரி, தொடங்கினால் நிற்காது. உடலில் ஒரு கலம் இரண்டு கலமாகப் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏ பிரதியாகிறது. பார்த்து எழுதும்போது எழுத்துத் தவறுவது போல அதிலும் தவறும். பெண்ணின் முட்டைகளுக்கான பிரதியெடுப்பு அவள் பிறக்கமுன்பே முடிந்துவிடும், ஆணுக்குக் கடைசிவரை நடக்கும். அதனால் இளம் வயதில் தகப்பனாகும் குரங்கின் குட்டிக்குப் புதுப் பிழை குறைவு, வயதுபோய்த் தகப்பனாகும் மனிதனின் பிள்ளைக்கு அதிகம். குரங்கினங்கள் எப்போது பிரிந்தன என்று கணக்கிடவும் இந்தப் பிழைகள்தான் உதவுகின்றன.

"தகப்பனுக்கு வயசு போகப் போகப் பிள்ளைக்குப் புதுப் பிழை கூட வரும் அண்ணை" என்று முடித்தேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது.

குசினி வாசலில் அகப்பையோடு மலர் அக்கா நின்றிருந்தார். "அப்ப கிரகணத்தாலை இல்லையோ?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். பிள்ளை வயிற்றில் இருந்தபோது சூரிய கிரகணம். பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது. ஆனால் குரங்குக் கூட்டம் கச்சானில் இறங்கிவிட்டது, அண்ணையும் வீட்டில் இல்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். பிள்ளை பிறந்ததிலிருந்து, கச்சானுக்காகப் பிள்ளையைக் கெடுத்தவள் என்ற பேச்சுத்தான். அண்ணையின் தங்கை இந்த வீட்டுப் படலையை மிதிப்பதே இல்லை.

கிளினிக்கில் சொன்ன வருத்தத்தின் பெயரைக் கேட்டேன். கை கால் எலும்பு நீளாமல் போகும் மரபணு நோய், நான் நினைத்ததேதான்.

"கிரகணத்தாலை வராது அக்கா. இந்த வருத்தம் அநேகமாத் தகப்பன் பக்கத்துப் பிழையாலைதான் புதுசா வாறது. அதுக்காக ஆரையும் குற்றம் சொல்லேலாது."

அக்கா அழுதுவிட்டார். "அஞ்சு வருசம். இவரும் ஒருநாளும் எனக்காகக் கதைக்கேல்லை."

அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "முதல் கலியாணம் கட்டேக்கை எனக்கு இருவத்தஞ்சு வயசு. அந்தப் பிள்ளையளுக்கு ஒரு குறையும் இருக்கேல்லை."

எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

போக இருப்பவர்களுக்கு: மழைக்குச் சப்பாத்து வேண்டும். உச்சி வெயிலுக்கு முன் போனால்தான் எச்சம் காயாமல் கிடைக்கும். விளக்கம் சொல்லுமுன் சுற்றிப் பாருங்கள். வெறுந்தாளும் கொண்டுபோங்கள். புறப்படும்போது மச்சாளுக்கு, அண்ணையின் அந்தத் தங்கைக்கு, காட்ட எழுதித் தரும்படி அக்கா கேட்டார், என் பதிவுக் கொப்பியைத்தான் கிழிக்க வேண்டியிருந்தது. 'கிரகணத்தால் அல்ல, தாயால் அல்ல' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அண்ணை அதை வாங்கி வாசித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"தகப்பனாலை எண்டும் எழுதுங்கோ தங்கச்சி. இல்லாட்டி அவள் நம்பமாட்டாள்."