தட்டில் வைத்த ஐந்து வளையங்கள்

மகள் கல்லூரியில் புள்ளியியல் எடுக்கப் போகிறேன் என்றதும் உறவில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "அத்தப் படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?" என் வேலையே அதன் ஒரு ஓரம்தான் என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சம். இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பத்தாவது படித்தவள். திருமழிசையில் ஒரு சிறிய கம்பெனியில், வண்டிகளுக்கான இரும்பு வளையங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தரம் பார்க்கும் பிரிவில் ஓர் இடம் காலியானது. இன்ஜினியர் என்னை ஒரு வாரம் செய்து பார்க்கச் சொன்னார். தேறினால் அந்த இடம் எனக்கு. இல்லாவிட்டால் பழையபடி பெட்டி.

மணிக்கொரு முறை, கடைசல் எந்திரமான லேத்திலிருந்து வந்த வளையங்களில் ஐந்தை எடுத்து அளந்து, சராசரியைக் கட்டத்தாளில் புள்ளியாக வைக்க வேண்டும். லேத் ஓட்டும் தம்பி ஐந்தைத் துடைத்து, தட்டில் தயாராக வைத்திருப்பார். எனக்கு முன்பு இருந்தவருக்கும் அப்படித்தானாம். மறுக்கத் தெரியாமல் நான்கு நாளும் அதையே அளந்தேன்.

ஐந்தாம் நாள் மதியம் தாளை எடுத்துப் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம், சரியான அளவைக் காட்டும் நடுக்கோட்டை ஒட்டிப் படுத்திருந்தன. ஒரே கரண்டியால் ஊற்றும் தோசைகூட ஒன்றுபோல் இன்னொன்று வருவதில்லை. இரும்பு மட்டும் இப்படி அடங்கி நடக்குமா?

வெளியே லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. தட்டை விட்டுவிட்டு, லேத்திலிருந்து வளையங்கள் விழும் தொட்டியின் அடியில் கைவிட்டு ஐந்தை எடுத்தேன்.

"இன்னாக்கா, தட்டுல வச்சிகீறேன்ல?"

"இதயும் பாத்துட்றேன் தம்பி."

மூன்று, அனுமதித்த அளவின் மேல் எல்லையை ஒட்டி நின்றன. ஒன்று தாண்டியிருந்தது. அதை மூன்று தடவை அளந்தேன்.

"ஒண்ணு தான? தூக்கிக் கடாசிட்டுப் போக்கா. லாரி நிக்குது, இன்னாத்துக்கு ரோதன?"

ஐந்தில் ஒன்று என்றால், லாரியில் ஏறியதில் எத்தனை? எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமல் இருக்காது என்று மட்டும் தோன்றியது. டிரைவர் ஹாரன் அடித்தார். வாசலில் இன்ஜினியர் சலானில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். தாளையும் அந்த வளையத்தையும் சலானின் மேல் வைத்தேன்.

"இது எங்க எடுத்தீங்க?"

"தொட்டி அடியில, சார்."

"இவ்ளோ நாளா?"

தட்டைக் காட்டினேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

சரக்கு முழுவதும் இறங்கியது. ஏழு மணி வரை எல்லோரும் நின்று அளந்தோம். ஆகாது என்று தள்ளியவற்றால் ஒரு கூடை நிறைந்தது. லேத்தில் வெட்டும் முனை தேய்ந்திருந்தது; தட்டுக்கு வந்தவை மட்டும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கியவை.

கிளம்பும்போது இன்ஜினியர், "நாளையிலேருந்து இந்த எடம் உங்களுது" என்றார். "இதையே காலேஜ்ல புள்ளியியல்னு படிச்சவங்க மருந்து கம்பெனி, இன்சூரன்ஸ், வானிலை, பயிர்க் கணக்கெடுப்புன்னு எங்கெங்கயோ வேலை பாக்கறாங்க." வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் தட்டு இல்லை. லேத் ஓட்டும் தம்பி தொட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"எங்கேந்து வோணா எட்த்துக்கோ."

அக்கா என்று சொல்லவில்லை. நான் குனிந்து, அடியிலிருந்து ஐந்தை எடுத்தேன்.